அழுங்கானந்தருக்கு மரியாதை

ஒரு காட்டில், ஆவுடையப்பன் என்ற புள்ளிமான் தன் மனைவி வடிவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் மென்றுகொண்டிருந்தார்.

வெயில் சாய்கிற நேரம். ஓடைக்கரைப் புல் அந்த வருஷம் நன்றாக இருந்தது. வடிவு திடீரென்று தலையைத் தூக்கி, என்னவோ சரியில்லை, காலெல்லாம் கூசுகிறது, வாருங்கள் போய்விடலாம் என்றாள். காற்றில் வாடை இல்லை. குரங்கு கத்தவில்லை. மயிலும் சும்மா இருந்தது. நேற்றும் இதையேதானே சொன்னாய் என்றார் ஆவுடையப்பன். அவள் கிழக்குப் புதரைப் பார்த்து ஓடினாள். காட்டில் அன்றைக்கு ஆபத்தில்லாத புதர்கள் எத்தனையோ இருந்தன. அந்த ஒரு புதருக்குள்தான் செண்பகவல்லி என்ற சிறுத்தை உட்கார்ந்திருந்தாள்.

மந்தை துக்கம் கேட்க வந்தது. வந்த இடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உள்ளே தோன்றுவதையெல்லாம் நம்பி ஓடினால் இப்படித்தான் என்றது ஒரு கட்சி. கட்டிய புருஷன் கூடவே ஓடியிருந்தால் இன்னொரு பக்கமாகத் திருப்பியிருக்கலாமே என்றது இன்னொரு கட்சி. வடிவின் தம்பி நம்பி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எல்லோரும் போன பிறகு ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா ஓடினா, போயிட்டா. நீங்க மென்னுக்கிட்டு இருந்தீங்க, இருக்கீங்க. இதை வச்சு பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்குடுக்கிறது அத்தான்?"

ஆவுடையப்பனுக்கும் அதுதான் தெரியவில்லை. அதுவரை அவர் தானாக ஓடியதே கிடையாது. அந்த ஒரு நாளைத் தவிர, வடிவு ஓடினால் ஓடுவார், நின்றால் நிற்பார். இப்போது இலை அசைந்தால் கால் ஓடு என்றது. ஓடியவள் கதி தெரியுமல்லவா என்றது மனசு. கடைசியில் பின்னங்கால்கள் இரண்டும் கிளம்பிவிடும், முன்னங்கால்கள் இரண்டும் யோசித்துக்கொண்டு நிற்கும். இடுப்பு பிடித்துக்கொண்டது. மந்தையில் அவருக்கு அரை ஓட்டக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவருக்குத் தெரியும்: ஓடுவதா நிற்பதா என்று சிறுத்தை வருவதற்குள் முடிவு செய்யத் தெரியாத மான், மான் இல்லை, சாப்பாடு.

அந்தச் சமயத்தில்தான் மலையடிவாரத்தில் அழுங்கானந்தர் உள்ளுணர்வு யோக முகாம் தொடங்கினார்.

அழுங்கானந்தர் ஓர் எறும்புதின்னி. முன்னொரு நாள் செண்பகவல்லி அவரைப் பிடித்துவிட்டாள். அவர் கண்ணை மூடினார். மூக்கை வயிற்றுக்குள் செருகி, உடம்பைப் பந்தாகச் சுருட்டி, மூச்சை அடக்கினார். உள்ளே ஒரு குரல் 'இரு' என்றது. இருந்தார். செண்பகவல்லி கடித்துப் பார்த்தாள், உருட்டிப் பார்த்தாள், பல் வலிக்கிறது என்று போய்விட்டாள். அன்று முதல் அவர் குரு. அவர் பொய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியேதான் எல்லாருக்கும் சொன்னார். முதுகெல்லாம் செதில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. தன் முதுகை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

முகாமில் சேர வரிசை ஓடை வரைக்கும் நின்றது. முள்ளம்பன்றிக்குப் பின்னால் நின்ற முயல் இரண்டடி தள்ளி நின்றது. அந்த இரண்டடியில் நரி வந்து நுழைந்துகொண்டது. வரிசையின் முதல் ஆளாக நின்ற ஆமை, தான் சென்ற வருஷம் வேறு ஒரு வரிசைக்காக வந்ததாகவும், வந்ததற்கு இதிலேயே சேர்ந்துகொள்வதாகவும் சொன்னது. முகாம் மேலாளர் மாசிலாமணி என்ற குரங்கு. ஆவுடையப்பன் முறை வந்ததும் ரேகைக் கருவியை நீட்டினான். அவர் குளம்பை வைத்தார். கருவி சிவப்பு விளக்கு காட்டியது.

"ரேகை விழலியே பெரியவரே. விரல் இருந்தா எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க."

ஆவுடையப்பன் ஏற்கெனவே இடுப்புப் பிடிப்போடு நின்றவர். திரும்பி நடந்தார். நம்பிதான் மாசிலாமணியைத் தனியே கூப்பிட்டு, இரண்டு நாவல் பழத்தைக் கொடுத்து, மாசிலாமணியின் விரலையே வைக்கச் சொன்னான். அந்த முகாமில் சேர்ந்த மான்கள் அத்தனைக்கும் இன்றைக்கு வரை குரங்கு ரேகைதான்.

சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் முன்னங்காலில் ஒரு பட்டை கட்டினார்கள். நெஞ்சு வேகமாக அடித்தால் அது 'பீப்' என்று கூப்பிடும். கூப்பிட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணை மூடி, சத்தம் நிற்கும் வரை மூச்சு விட வேண்டும். இதை முதல் நாள் வகுப்பிலேயே விளக்கிச் சொன்னார்கள். முகாம் எல்லைக்குள் மங்களம் பாடி முடிக்கும் வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பதும் விதி. ஆனாலும் முன்ஜாக்கிரதையாக, மாமிசம் சாப்பிடுகிறவர்களை அருவிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். செண்பகவல்லிக்கும் ஒரு பட்டை கிடைத்தது. முதல் நாள் வகுப்புக்கு அவள் வரவில்லை. பசி மயக்கத்தில் தூங்கிவிட்டாள்.

பயிற்சி நாடி சுத்தியில் ஆரம்பித்தது. ஒரு மூக்கை மூடி மறு மூக்கால் மூச்சு விட வேண்டும். மான்கள் மூக்கை மூடக் காலைத் தூக்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. யானை, நான் எதை எதனால் மூடுவது சாமி என்று கேட்டது. நீ மனசாலே மூடு என்றார் குரு. ஒரு சருகுமான், மூக்கை மூடினால் வாடை தெரியாதே என்று இழுத்தது.

"வாடை வெளியே இருந்து வருவது. நாம் தேடுவது உள்ளே இருப்பது" என்றார் அழுங்கானந்தர்.

ஆவுடையப்பன் எழுந்து தன் சந்தேகத்தைக் கேட்டார். உள்ளே ஒன்று ஓடு என்கிறது, இன்னொன்று நில் என்கிறது, இதில் எது உள்ளுணர்வு? குரு சிரித்தார். பயம் அவசரமாகப் பேசும், உள்குரல் நிதானமாகப் பேசும், எது மெதுவாகப் பேசுகிறதோ அதை நம்பு என்றார். பின்வரிசையில் ஆமை பலமாகத் தலையாட்டியது.

பயிற்சியில் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆவுடையப்பனுக்கு இடுப்பு விட்டது. தூக்கம் வந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தால் உள்ளே ஒரு குரல்கூடக் கேட்க ஆரம்பித்தது. அது வடிவின் குரல். காதில் உண்ணி இருக்கிறது, மரத்தில் தேயுங்கள் என்றது. ஓரத்துப் புல் கசக்கும், உள்ளே தள்ளி மேயுங்கள் என்றது. தேய்த்தார், உண்ணி போனது. தள்ளி மேய்ந்தார், புல் இனித்தது. குருவிடம் சந்தோஷமாகப் போய்ச் சொன்னார்.

"அது உள்குரல் இல்லை. வெறும் ஞாபகம். அதைக் கடந்து போ."

சரி என்றுதான் வந்தார். மறுநாள் காலையில் அந்தக் குரல், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டது. கடந்து போக மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

இதற்கிடையில் வகுப்பில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் பட்டை கூப்பிட்டது, உட்கார்ந்து கண்ணை மூடினான் என்று ஒரு இளங்கிடாவைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு அவனைக் காணோம். அந்தச் சருகுமானையும் காணோம். வராதவர்கள் எல்லாரும் அடுத்த நிலைக்குப் போய்விட்டார்கள் என்று மாசிலாமணி அறிவித்தான். மிச்சம் இருந்தவர்கள் கொஞ்சம் பொறாமையோடு கைதட்டினார்கள்.

நிறைவு விழா வந்தது. அருவிக்கு அந்தப் பக்கத்தவர்களையும் இந்தப் பக்கம் அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு பாறை, அதுதான் மேடை. குரு மேடையில் வீற்றிருந்தார். அனுபவ உரைக்குச் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்கள். அவள் மேடை ஏறி, அடக்கமாக வாலைச் சுருட்டி உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இங்கே இருக்கிற பல பேரோட குடும்பத்தை எனக்கு நேர்ல தெரியும்" என்று ஆரம்பித்தாள்.

தனக்கு வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, முகாமுக்கு வரும் முன்பு எந்தப் பக்கம் பாய்வதென்றே தெரியாமல் பல நாள் பட்டினி கிடந்ததாகச் சொன்னாள். குரு சொன்னபடி கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தாளாம். சில நாளிலேயே உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு நாதம் கேட்டதாம். அது எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசையில் போனால் போதும். யாராவது ஒருவர் கண்ணை மூடி, ஓடாமல், சாந்தமாக உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள்கூட அந்த நாதம் பொய் சொன்னதில்லையாம்.

"அது எப்படி இருக்கும் தாயே, கொஞ்சம் சொல்லிக் காட்டு" என்றார் குரு, கண் கலங்கி.

"பீப்னு இருக்கும் சாமி."

கூட்டம் கைதட்டியது. ஆவுடையப்பன் தட்டவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. பட்டை கூப்பிட்டது.

மேடையில் செண்பகவல்லி கண்ணை மூடினாள். இதோ, இப்போதும் கேட்கிறது என்றாள். கூட்டம் மெய்சிலிர்த்தது.

இனி மங்களம்தான் பாக்கி. குயில் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நின்றது. ஆவுடையப்பன் உட்கார்ந்து மூச்சு விட்டுப் பார்த்தார், சத்தம் அடங்கவில்லை. பட்டையைக் கடித்து இழுத்துக் கழற்றினார். உதட்டில் படுகிற துடிப்பிலும் அது கூப்பிட்டது. கீழே போட்டாலும் போட்ட இடத்தில் அவர்தான் நிற்கிறார். ஓடினால் சுற்றி அரை வட்டமாக உட்கார்ந்திருப்பது நரியும் செந்நாயும். உள்ளே வடிவைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த நேரம் பார்த்து அவளும் பேசவில்லை.

கால்கள் கிளம்பின. இந்தத் தடவை நான்கும் சேர்ந்து கிளம்பின. எங்கே போகின்றன என்று அவருக்கே மேடைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

"கிட்ட வருது, ரொம்பக் கிட்ட வருது" என்றாள் செண்பகவல்லி, கண்ணைத் திறக்காமல். அவள் மீசை ஆவுடையப்பனின் தோளில் உரசியது.

விழா என்று இருந்தால் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் முடிக்கிற வழக்கம் அந்தக் காட்டிலும் இல்லை. ஆவுடையப்பனிடம் பொன்னாடை இல்லை. வாயில் இருந்த பட்டையை, குனிந்து பணிந்து, அழுங்கானந்தரின் வாலில் மாட்டினார். செதிலில் அது நன்றாகச் சிக்கிக்கொண்டது. பட்டை அடங்கியது. கூட்டம் ஒரு கணம் திகைத்துவிட்டு, ஆகா, என்ன பக்தி என்று கைதட்டியது. குரு தலையைச் சற்று நிமிர்த்தினார். பட்டை மறுபடி கூப்பிட்டது. குருவுக்குப் புகழ் பிடிக்கும் என்பதை முதலில் கண்டுபிடித்தது பட்டைதான்.

ஒருவர் மரியாதை செய்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? நாளைக்குப் பேச்சாகிவிடும். முயல்கள் வரிசையில் வந்தன. மான்கள் வந்தன. முள்ளம்பன்றி வந்தபோது குரு தானே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வாலை மட்டும் நீட்டினார். யானையின் பட்டை வாலைத் தாண்டி இடுப்பு வரைக்கும் ஏறியது. ஒவ்வொன்று ஏறும்போதும் கைதட்டல் கூடியது, குருவின் நெஞ்சு விம்மியது, பட்டைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கூப்பிட்டன. செண்பகவல்லியின் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. இத்தனை பெரிய நாதத்தை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

குயில் மங்களம் பாடியது.

பாடி முடித்தபோது மேடையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் நாலு திசையிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நரியும் செந்நாயும்கூட, எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடின. ஆமை மட்டும் பாறைக்குக் கீழே ஓட ஆரம்பித்திருந்தது.

செண்பகவல்லி கண்ணைத் திறக்கவேயில்லை. காலை நீட்டி குருவைப் பிடித்தாள். குரு சுருண்டார். அவள் கடித்தாள், பல் வலித்தது. ஆனால் முன்பு போல விட்டுவிட்டுப் போக அவள் பழைய செண்பகவல்லி இல்லை, பயிற்சி முடித்தவள். நாதம் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். பந்தை மடியில் வைத்துக்கொண்டு, திறக்கட்டும் என்று உட்கார்ந்தாள். பந்துக்குள்ளே குருவுக்கு 'இரு' என்று குரல் கேட்டது. அவரும் இருந்தார். அவர் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியாது என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

சிறுத்தையும் குருவும் சேர்ந்து தவம் இருக்கிறார்கள் என்று மாசிலாமணி வேலி கட்டி, தரிசனத்துக்கு வரிசை வைத்துவிட்டான். எட்ட நின்று பார்த்துவிட்டு வரலாம். பயமில்லை, அவள் வேறு யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம்பியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆவுடையப்பனிடம், அன்றைக்கு மேடைக்குப் போகச் சொன்னது உள்குரலா என்று கேட்டான். மந்தை முழுக்க அப்படித்தான் பேசிக்கொள்கிறது என்றும், சில பேர் அவரைக் குருவாக உட்காரச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள் என்றும் சொன்னான்.

"உள்குரலும் இல்லை, ஒண்ணும் இல்லை மாப்ளே. பயந்துட்டேன்."

"இதைப் போயி வெளியே சொல்லிக்கிட்டு இருக்காதீங்க அத்தான். அசிங்கம்."

ஆவுடையப்பன் சரி என்றார். இலை அசைந்தது, அவரும் நம்பியும் ஓடினார்கள். ஒன்றும் இல்லை, காற்று. திரும்பி வந்தார்கள். வடிவு படுக்கிற இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கிறது.

நீதி: கண்ணை மூடி உள்குரலைக் கேள். சத்தம் போடுகிற பொருளை மட்டும், மூடுவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கு மரியாதையாகப் போட்டுவிடு.