குறைஞ்சுதா?

“குறைஞ்சுதா?” என்று மானேஜர் கேட்டபோது டிரைவர் இன்னும் நாற்காலியில் முழுசாக உட்காரவில்லை. பை தோளிலேயே தொங்கியது.

“இப்பதான் சார் உள்ளே வர்றேன்.”

“ஆபீஸ் திறந்ததுலேருந்து நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டேதான்யா இருக்கோம். எண்ணு சிவப்புக் கோட்டைத் தாண்டிடுச்சு. கஸ்டமர்கிட்டேருந்து மறுபடியும் புகார் மெயில் வந்தாச்சு.”

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புகாருக்காக அல்ல. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ரயில்.

டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் வேலை வாங்க ஒரு புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுகிற மனிதரையும் ஆபீஸில் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கேட்டு மாமனார் கார் சாவியை நம்பிக் கொடுத்ததும், மாப்பிள்ளை அதைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தியதும் தனிக்கதை.

நமக்கு வேண்டியது ரயில் கதை. டிரைவரின் மனைவி பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆன கையோடு கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் இவர். இரண்டு தடவை டிக்கெட் எடுத்தார். இரண்டு தடவையும் இதே மெஷின், இதே புகார், இதே மானேஜர். இரண்டு தடவையும் கட்டிய பெட்டியை அவள் வாய் திறக்காமல் பிரித்து அடுக்கினாள். அவள் திட்டியிருந்தால்கூட இவருக்கு இத்தனை வலித்திருக்காது.

இன்று காலை வாசலில் இரண்டு பெட்டிகள் இருந்தன.

“எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதுமே.”

“உங்க துணி தனி, என் துணி தனி. யாரு போனாலும் யாரு போகாட்டாலும் வசதியா இருக்கும் பாருங்க” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவேயில்லை.

சரி, அந்த மெஷின் என்ன மெஷின்? எங்கேயோ கஸ்டமரின் கட்டடத்தில் இருக்கிற பெரிய சர்வர் அது. ஒரே மெஷின்தான், ஆனால் தனக்குள்ளே பல மெஷின்கள் இருப்பதாகப் பாவனை செய்யும். ஒவ்வொரு பாவனை மெஷினுக்கும் ஒரு பாவனை நெட்வொர்க் கார்டு. வெளியிலிருந்து ஏதாவது தகவல் வந்தால் கார்டு, மெஷினின் மூளையான பிராசசரைப் பிடித்து உலுக்கி, ‘வந்திருக்கு, வந்திருக்கு’ என்று சொல்லும். இந்த உலுக்கலுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். அளவோடு இருந்தால் நல்லது. காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடினால் சமையல் என்ன ஆகும்? அளவு மீறினால் பிராசசருக்கும் அதே கதிதான்.

உலுக்கலைக் குறைப்பது டிரைவரின் பொறுப்பு. உள்ளே என்ன தகவல் வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. அது கஸ்டமரின் சொந்த விவகாரம். எத்தனை உலுக்கல் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்கலாம். அதைக் காட்டுவதற்கென்றே கஸ்டமரை நச்சரித்து மானேஜர் ஒரு இன்டர்நெட் பக்கம் செய்து வாங்கியிருந்தார். அதில் அந்த எண்ணும், அது தாண்டக்கூடாத ஒரு சிவப்புக் கோடும் தெரியும். யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலோ போனிலோ திறந்து பார்க்கலாம். “நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறினா எவனுக்கு வேணும்? டாக்சி மீட்டர் மாதிரி கண்ணு முன்னாடி ஓடணும்” என்று அடம்பிடித்து வாங்கியது அது. அப்படியே ஓடியது.

“சார், நான் சாயங்காலம் ஊருக்குப் போகணும். லீவு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க.”

“யாரு வேணாம்னாங்க? குறைச்சுட்டுப் போ. அது கோட்டுக்கு மேல நிக்கறப்ப நீ வாசலைத் தாண்டினா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

டிரைவர் உட்கார்ந்தார். வழி அவருக்குத் தெரியும். தகவல் ஒவ்வொன்றாக வரும்போதெல்லாம் உலுக்காதே, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தடவையாக உலுக்கு என்று கார்டுக்குச் சொல்ல வேண்டும். எழுதினார், அனுப்பினார். எண் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

“சார், குறைஞ்சுது!”

“அடி சக்கை! இரு, மேலிடத்துக்குச் சொல்றேன்” என்று மானேஜர் போனை எடுத்தார். “சார், நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க சார். உங்க ஆளுங்களையும் பாக்கச் சொல்லுங்க!”

மேலிடம் உட்கார்ந்திருக்கும் மேல்மாடி முழுக்கத் திறந்து பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் சரசரவென்று மேலே ஏறிக் கோட்டைத் தாண்டிக்கொண்டு போனது.

“என்னய்யா இது, மேலிடம் பாக்கறப்பவா ஏறணும்? என் மானத்தை வாங்கறதுக்குன்னே செஞ்சியா?”

அதற்குப் பிறகு டிரைவருக்கு மூச்சுவிட நேரமில்லை. விற்பனைப் பிரிவு ஆள் எட்டிப் பார்த்து, “குறைஞ்சுதா?” என்றார். கணக்குப் பிரிவு அம்மா வந்தார். அந்த அம்மாவுக்கு இன்டரப்ட் என்றால் என்னவென்றே தெரியாது, இருந்தாலும், “பாவம், குறைஞ்சுதா?” என்று காய்ச்சல்காரரை விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கேள்விக்கும் தலையை நிமிர்த்தி, பதில் சொல்லி, மறுபடி குனிந்தால் விட்ட இடம் மறந்துபோகும்.

கார்டுக்குச் சொன்ன புத்தியை மனிதர்களுக்கும் சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பேப்பரில், ‘கேள்விகளைச் சேர்த்து வைத்து மணிக்கு ஒரு தடவை மட்டும் கேட்கவும்’ என்று எழுதி நாற்காலியின் முதுகில் ஒட்டினார்.

ஆபீஸ் அமைதியானது. வாய்விட்டுக் கேட்கத்தான் தடை; அவரவர் இடத்தில் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தடையில்லையே? ஒருவர் விடாமல் திறந்து வைத்துக்கொண்டார்கள். எண் இன்னும் ஏறியது. மணி அடித்ததும் மொத்த ஆபீஸும் டிரைவரின் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றது. வரிசையில் நின்றபடியே போனிலும் திறந்து பார்த்தார்கள்.

“ஏறிடுச்சே தம்பி!” என்று வரிசை முழுக்க ஒரே குரலில் சொன்னது.

“தெரியுது” என்றார் டிரைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போது வீட்டிலிருந்து போன் வந்தது.

“கிளம்பற மாதிரி இருக்கா?”

“இதோ, கொஞ்சம்தான் பாக்கி.”

“சரி. சும்மா சும்மா போன் பண்ணித் தொந்தரவு செய்யமாட்டேன். இப்ப திட்ட வேண்டியது, மத்தியானம் திட்ட வேண்டியது எல்லாத்தையும் சேர்த்து வெச்சு ஸ்டேஷன்ல ஒரே தடவையா திட்டிடறேன். அதுதானே உங்க முறை?”

மனைவிக்கு வேலையைப் பற்றி விளக்கமாகச் சொல்லியிருக்கவே கூடாது என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஆபீஸ் முழுக்க சாப்பிடப் போனது. டிரைவர் மட்டும் பட்டினியோடு உட்கார்ந்து அடுத்த மாற்றத்தை எழுதி அனுப்பினார். தகவல் நெரிசலானால் ஒழிய கார்டு உலுக்க வேண்டாம்; பிராசசரே அவ்வப்போது எழுந்துபோய் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். எண் மளமளவென்று இறங்கித் தரையைத் தொட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் காற்று முகத்தில் அடித்ததாகக்கூட ஒரு பிரமை.

கை கழுவிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எண் எழுந்து நின்றது.

“ச்சே, கஸ்டமர் ஆளுங்களும் நம்ம நேரத்துலதான் சாப்பிடறாங்க போலிருக்கு” என்றார் டிரைவர், சோர்ந்துபோய். “சாயங்காலம் டீ நேரத்துலயும் இப்படித்தான் இறங்கும், பாத்திருக்கேன். அச்சு அசல் நம்ம ஆபீஸ் மாதிரியே.”

“நல்ல ஒழுங்கான ஆளுங்க” என்று மானேஜர் பாராட்டினார். “அவங்களுக்காகவாவது இதைச் சரி பண்ணணும்யா.”

பிராசசருக்குச் சொன்ன வழியையும் டிரைவர் மனிதர்களிடம் முயன்று பார்த்தார். யாரும் வந்து கேட்க வேண்டாம், நானே வருகிறேன் என்று மேஜை மேஜையாகப் போய், “இன்னும் குறையலை” என்று அறிவித்தார். “அப்படியா? எங்கே, பாப்போம்” என்று மூடியிருந்தவர்களும் திறந்தார்கள்.

மானேஜருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இப்படி அலைஞ்சுக்கிட்டே இருந்தா வேலை எப்ப செய்வே? எல்லாருக்கும் தெரியற மாதிரி ரிசப்ஷன்ல பெரிய டிவியைப் போடு. அதுல ஓடட்டும்.”

டிவி வந்தது. ரிசப்ஷனில் இருந்த அக்காவுக்கு அதைப் பார்ப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. கூரியர்காரர் கையெழுத்து வாங்க மறந்து நின்று பார்த்தார்.

“தம்பி, டிவியில எண்ணு விட்டு விட்டுத் திக்குது. கண்ணு வலிக்குது. கொஞ்சம் வேகமா ஓடவிடேன்” என்றார் அக்கா.

டிரைவர் தன் கையாலேயே டிவியில் எண் மாறும் வேகத்தை நாலு மடங்கு ஆக்கிக் கொடுத்தார். எண் இதுவரை போகாத உயரத்துக்குப் போனது. கூரியர்காரர் கை தட்டினார்.

அவ்வளவுதான். மானேஜர் நடு ஹாலுக்கு வந்து நின்று கத்தினார்.

“எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வாங்க! ஒருத்தர் கையிலயும் போன் இருக்கக்கூடாது. கம்ப்யூட்டரை மூடுங்க. அக்கா, அந்த டிவியை அணைங்க, வெளியாள் யாராவது வந்து இந்தச் சிவப்பைப் பாத்தா நம்ம பேரு நாறிடும். மேல்மாடியையும் கூப்பிடுங்க!”

ரூமில் மானேஜர் பொறுப்புணர்ச்சி பற்றிப் பேசினார். பேச்சு நீண்டது. டிரைவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்நேரம் அவள் ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருப்பாள். இரண்டு பெட்டியையும் எடுத்திருப்பாளா, ஒன்றை மட்டும் எடுத்திருப்பாளா? எழுந்து நின்றார்.

“சார், நான் கிளம்பறேன். வேலை போனா போகட்டும். கட்டினவளுக்குக் கொடுத்த வாக்கை மூணாவது தடவையும் என்னால மீற முடியாது.”

மானேஜர் சிரித்தார். “போறதுக்கு முன்னாடி நீ செஞ்ச லட்சணத்தை எல்லார் முன்னாடியும் பாத்துட்டுப் போ” என்று தன் லாப்டாப்பைத் திறந்து, பக்கத்தைச் சுவரில் காட்டினார்.

எண் அடிமட்டத்தில் கிடந்தது. இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“பாத்தீங்களா?” என்றார் கடைசியில், குரல் தழுதழுக்க. “ஒரே ஒரு மீட்டிங்! ஒரு மீட்டிங் போட்டா எல்லாம் சரியாகிடும்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? டிரைவர், என்னய்யா இன்னும் நிக்கறே? ரயிலுக்கு நேரமாச்சு, ஓடுய்யா!”

டிரைவர் ஓடினார்.

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. அவள் பெட்டி உள்ளே இருந்தது. அவர் பெட்டி பிளாட்பாரத்தில் இருந்தது. அவள் கதவருகே நின்று, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுத் தாவி ஏறவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது.

“வந்துட்டீங்களே!” என்றாள். சேர்த்து வைத்த திட்டு ஒன்றுகூட வெளியே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிரைவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? எப்படிக் குறைந்தது என்ற கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

“ஒரே ஒரு போன். கஸ்டமர் பக்கத்துல ஒரு பொண்ணு இருக்கு, அந்த மெஷினைப் பாத்துக்கறது. ஒரே வார்த்தை கேட்டுட்டு வெச்சுடறேன்.”

“கேளுங்க. ஆனா ஸ்பீக்கர்ல போட்டுக் கேளுங்க” என்றாள் மனைவி.

போட்டார். “அம்மா, இன்னைக்குச் சாயங்காலம் அந்த மெஷின்ல இன்டரப்ட் திடீர்னு குறைஞ்சுதே, உங்க ஆளுங்க ஏதாவது மாத்தினாங்களா?”

“எங்க ஆளுங்களா?” என்றது அந்தப் பெண் குரல். “அதுல எங்க வேலை எதுவும் ஓடலையே சார். முதல் தடவை பிரச்சினை வந்த அன்னைக்கே எல்லாத்தையும் வேற மெஷினுக்கு மாத்திட்டோம்.”

“இன்னைக்குக் காலையில புகார் மெயில் வந்துதேம்மா!”

“எண் கோட்டைத் தாண்டினா அந்த மெயில் தானா போகும் சார். நாங்க யாரும் அனுப்பறதில்லை.”

மனைவி மெதுவாகத் திரும்பினாள். “முதல் தடவைன்னா, நான் முதல் தடவை பெட்டி கட்டினேனே, அன்னைக்கா?”

டிரைவர் தலையை ஆட்டினார். “அப்படின்னா... இத்தனை நாளா அந்த மெஷினைப் போட்டு உலுக்கிக்கிட்டிருந்தது யாரும்மா?”

“வேற யாரு சார்? ‘குறைஞ்சுதா, குறைஞ்சுதா’ன்னு உங்க ஆபீஸ்ல எல்லாரும் திறந்து பாக்கறீங்களே, அந்தப் பக்கம் மட்டும்தான் அதுல ஓடிக்கிட்டிருக்கு!”