பாரியின் சாக்ஸ்

“அந்த சாக்ஸ் காட்சியை வெட்டு. இல்லேன்னா கல்யாணம் கிடையாது,” என்றான் ஆர்னி.

ஷெல்லி பேகல் ரொட்டியைக் கடித்தபடியே சிரித்தாள். புரூக்ளின் நகைச்சுவை மேடைகளில் படுக்கையறைக் கதை சொல்லியே பேர் வாங்கியவள். இப்போது அவளே எழுதி, அவளே நாயகியாக நடித்த முதல் படம்.

காட்சி இதுதான். அவள் போர்வைக்குள் உடம்பில் ஒன்றுமில்லாமல் காத்திருக்கிறாள். காதலன் பாரி சாக்ஸைக் கழற்றி, ஜோடி சேர்த்து மடித்து வைக்கிறான். பிறகு காஸை மூடினோமா என்று பார்த்துவிட்டு வந்து, “எங்கே விட்டோம்?” என்கிறான்.

ஆர்னியும் சாக்ஸை மடிப்பவன்தான். காஸையும் பார்ப்பான்.

“ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும், ஷெல்லி!”

“சரி, ஒரு பேரம். ஞாயித்துக்கிழமை முன்னோட்டக் காட்சி. வெளி ஜனங்க பாப்பாங்க. அவங்க சிரிக்கலேன்னா வெட்டிடறேன். சிரிச்சா நீ வாயைத் திறக்கப்படாது.”

ஆர்னி சட்டென்று கைகுலுக்கினான். அவன் வேலை பார்ப்பது சவ அடக்க நிலையத்தில். சிரிக்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கும் கூட்டம் கைவசம் இருந்தது.

ஞாயிறன்று முதல் வரிசை முழுக்கக் கறுப்புக் கோட்டு. நடுவில் முதலாளி பின்கஸ்; படியில் சவப்பெட்டி நழுவி ஓடியபோதும் உதடு அசையாதவர். அவர்களைப் பார்த்து அரங்கமே அடங்கிப்போனது. கடைசி வரிசையில் ஷெல்லி நகத்தைக் கடித்தாள். பக்கத்தில் அவள் அம்மா பெர்னிஸும், கொட்டாவி விடும் அப்பா சாலும்.

காட்சி வந்தது. பாரி இரண்டாவது சாக்ஸை நீவிக்கொண்டிருந்தான். திரையில் ஷெல்லி வசனமே பேசவில்லை. கூரையைப் பார்த்தாள். ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தாள்.

பின்கஸிடமிருந்து கெட்டில் கொதிப்பதுபோல் ஒரு சத்தம்.

“சார், நம்ம தொழிலை நினைச்சுக்கோங்க!” என்று ஆர்னி கிசுகிசுத்தான்.

“அதைத்தான்டா நினைச்சேன்! நம்மகிட்ட வர்றவங்ககூட இவ்வளவு பொறுமையா படுத்திருக்கறதில்லடா!”

அவ்வளவுதான். கறுப்புக் கோட்டு வரிசை வெடித்தது. அவர்களே சிரித்த பிறகு யாருக்குத் தயக்கம்? அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. சாவு வீட்டுக்காரர்களைச் சிரிக்கவைப்பவளை என்னவென்று சொல்வது! ஆர்னிக்கே ஓரமாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

விளக்கு போட்டதும், படக் கம்பெனிப் பெண் யாரைப் பிடித்தது என்று கேட்டாள்.

“பாரிதான்!” என்றாள் ஒருத்தி. “காஸை மூடிட்டு வந்து ஆசையா பாக்கற ஆம்பள எங்கே கிடைப்பான்?”

“சாக்ஸை அவ்வளவு பதமா மடிக்கறவன் மத்ததையும் அவசரப்படாம செய்வான்டி!”

கைதட்டல் ஓயவில்லை. ஆர்னிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேரம் மறந்தது. நாற்காலிமேல் ஏறி நின்றான்.

“நான்தான் அந்த பாரி!”

ஷெல்லி முகத்தை மூடிக்கொண்டாள். பெர்னிஸ் எழுந்து, சாலின் தோளைத் தட்டிக் காட்டினாள்.

“உட்காருங்க மாப்பிள்ளை, அது இவர். உங்களைப் பத்தி இவ எழுதினதைத்தான் சென்சார் விடாதுன்னு கம்பெனிக்காரங்க மொத்தமா வெட்டிட்டாங்களே!”