நடந்தால் தீமிதி, நடக்காவிட்டால் வேலை போச்சு

கள்ளிக்குப்பம்,
ஆடி மாதம், வியாழக்கிழமை,
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த தங்கராஜ் மாமா அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் ஏகாம்பரம் உட்கார்ந்தபடியே கும்பிட்டு எழுதுவது. இவ்விடம் என் இடது காலைத் தவிர மற்ற அனைவரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், வானகரத்து டயர் கடையும் நலமாக இருக்கவும், தங்கள் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவும் வேண்டிக்கொள்கிறேன். அக்கா உங்களைத் தினமும் காலையில் செருப்பில்லாமல் மைதானத்தைச் சுற்றி நடக்க வைக்கிறாளாமே? ஒரு மாதமாகக் கறி மீனையும் நிறுத்திவிட்டாளாமே? கட்டினவன் உடம்பின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள பெண்பிள்ளை எங்கள் குடும்பத்தில் பிறந்தது எங்களுக்குப் பெருமைதான். போகட்டும். "வேண்டிக்கொள்கிறேன்" என்று மேலே பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை எழுதினாலே இப்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் சுடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஆயுத பூஜை அன்று என்னை எந்தத் தண்ணி லாரியும் இடிக்கவில்லை. புது வண்டிக்கு நானே பூஜை போட்டேன். நானே பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றி, தெருக்காரர்கள் கண்ணெல்லாம் ஒழியட்டும் என்று நடுத்தெருவில் போட்டு உடைத்தேன். அப்புறம் இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஹீரோ மாதிரி முறுக்கிக்கொண்டு கிளம்பினேன். பழம் நசுங்கியது. வண்டி நேராகப் போய் என் பூசணிக்காய் மேலேயே ஏறியது. குங்குமம் குழைந்த சதையில் வழுக்கி வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், முழங்காலுக்குக் கீழே என் எலும்பு இரண்டு பக்கம். திருஷ்டி கழிந்து மொத்தம் நான்கு வினாடிகூட ஆகவில்லை. சிவப்பைப் பார்த்து என் வீட்டுக்காரி சரசா மயங்கி விழுந்தாள். அதில் முக்கால்வாசி குங்குமம். ஐம்பத்திரண்டு வயதில் காய்கறி மோதிக் கால் உடைந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்க மனசு வராமல் லாரி என்று சொல்லிவிட்டேன். அந்த லாரியைப் பிடிக்க நீங்கள் ரெட்டேரி வரைக்கும் போய், நின்றுகொண்டிருந்த ஒரு அப்பாவி டிரைவரின் சட்டையைப் பிடித்தீர்களே, அதற்காக ஒன்பது மாதம் தாமதமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கும் சொல்லிவிடவும்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் போனை எடுப்பது அக்கா. ஸ்பீக்கரில் போடுவதும் அக்கா. வாட்ஸ்அப் குரூப்பில் நான் ஒரு புள்ளி வைத்தால்கூட முதலில் பார்ப்பவள் அவள்தான். அதனால்தான் பேப்பர், பேனா. நாளைக் காலையில் என் மகள் காவ்யா தன் கம்பெனி பஸ்ஸில் உங்கள் பக்கமாகப் போகும்போது கடையில் இறங்கி உங்கள் கையிலேயே கொடுப்பாள். படித்ததும் டயருக்குள் போட்டு காற்று அடித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். முதல் ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்ததும் சரசா என் காதில் சொன்ன முதல் செய்தி, கம்பி வைத்திருக்கிறார்கள் என்பதல்ல. "உங்கக்கா தியேட்டர் வாசல்லயே மஞ்சத்துணியில காசு முடிஞ்சிட்டாங்க. நீங்க கட்டையில்லாம நடந்துட்டா, வர்ற ஆடியில நம்ம அம்மனுக்குத் தீமிதி வேண்டிகினாங்களாம்" என்றாள். எனக்கு மயக்க மருந்து அப்போதுதான் தெளிந்திருந்தது. மறுபடியும் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன், கொடுக்கவில்லை. எந்த டாக்டராவது, எலும்பு ஒட்டியதும் அதை ஒருமுறை நெருப்பில் காட்டு என்று சீட்டு எழுதுவாரா? நீங்கள் ஆறு ஆப்பிளோடு பார்க்க வந்தபோது இதைச் சொல்லி அழுதேன். நீங்களே ஐந்து ஆப்பிளைத் தின்றுகொண்டு என்ன சொன்னீர்கள்? "தீமிதிலாம் ஒரு மேட்டரா மச்சான்? பக்தி மட்டும் கீதுன்னு வெய்யி, பூ மேல நடக்கிற மாதிரி இருக்கும். நீ பாட்டுக்கு நடந்து போய்கினே இரு." எனக்கு அந்த ஆறாவது ஆப்பிளும் இறங்கவில்லை.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்பது அடுத்த அசிங்கம். ஐந்தாம் மாதம் எலும்பு ஒட்டவில்லை என்று இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்துக் காலில் வைத்தார்கள். அந்த எலும்பு, பாவம், பிறந்ததிலிருந்து உட்கார்ந்தே பழகியது; அதை நடக்கச் சொன்னால் நடக்குமா? ஆனாலும் ஏழாம் மாதம் எக்ஸ்ரேயில் எல்லாம் வெள்ளையாகச் சேர்ந்து நின்றது. டாக்டர் சிரித்தார், சரசா சாமி கும்பிட்டாள், நான் மட்டும் ஆடிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டேன். அன்று முடிவு செய்தேன்: ஆடி தாண்டும் வரைக்கும் இந்தக் கால் சரியாகக் கூடாது. பிசியோதெரபி கொடுக்க வரும் பவித்ரா என்கிற பெண், காவ்யா வயதுதான், ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் முனக ஆரம்பிப்பேன். "அங்கிள், முழு வெயிட்டையும் லெஃப்ட்ல போடுங்க. எலும்பு சேந்துடுச்சு, எக்ஸ்ரே பாத்தீங்கல்ல?" என்பாள். "அப்போ எக்ஸ்ரேவை நடக்கச் சொல்லும்மா" என்பேன். அவள் முழங்காலை மடக்கி, பத்து வரைக்கும் எண்ணுகிறேன் என்று சொல்லி, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் விடுவாள். வலி உண்மைதான், சத்தம் மட்டும் நான் சேர்த்தது. எதிர்வீட்டு வேம்புலி கோயில் விழாக் கமிட்டியில் இருக்கிறவர். பால்கனியில் நாற்காலி போட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்க்கும்போது வாசலுக்கு வந்தால் வாக்கரோடு கூட நொண்டியும் வருவேன். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

இந்த லட்சணத்தில் போன வாரம் கம்பெனியிலிருந்து ஓலை வந்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம் க்வாலிட்டி பார்த்தவன் நான். ஒரு நூல் அளவு கூடக்குறைய இருந்தாலும் பீஸை ரிஜெக்ட் பண்ணித் தூக்கிப் போட்டவன். இப்போது என்னை ரிஜெக்ட் பண்ணுவதா என்று பார்க்கப்போகிறார்கள். வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு கம்பெனி டாக்டர் முன்னால், கேட்டிலிருந்து என் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் வரைக்கும், எதையும் பிடிக்காமல் நான் நடந்து காட்ட வேண்டும். நாற்பது அடிகூட இருக்காது. நடந்தால் வேலை, இல்லாவிட்டால் மாலை. ஆபீஸில் ரேஷ்மா என்கிற பெண் போனில் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "சார், இதுக்கு மேல எங்களால வெய்ட் பண்ண முடியாது சார். உங்க இடத்துக்கு ஆள் பாத்து வெச்சிட்டாங்க சார்." மூன்று சார் போட்டால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

திங்கட்கிழமை நடந்தால் அக்காவின் வேண்டுதல் பலித்துவிட்டதென்று ஆகிவிடும். காப்புக் கட்டுவதோ அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று நொண்டிக் காட்டிவிட்டு மறுநாளே நடந்தால், ஆத்தாளை ஏமாற்றினவன் என்று ஊரே சொல்லும். காப்பைக் கட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு தீக்குண்டத்தில் இறங்கியே தீர வேண்டும், அறுத்துப் போட்டவன் வீட்டில் என்னென்ன நடந்தது என்று வேம்புலியிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. சரி, வேலைதான் முக்கியம், சுட்டாலும் சுடட்டும் என்று நேற்று ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். சரசா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, ஹாலில் ஃபேனுக்குக் கீழே வாக்கரை நிறுத்திவிட்டு, சமையலறைக் கதவைக் குறி வைத்துக் கையை எடுத்தேன்.

ஒரு அடி. இரண்டு அடி. மூன்று.

நாலாவது அடி வரவில்லை, மாமா. வலி இல்லை. கால் அங்கேயேதான் இருக்கிறது, கட்டளை போடுகிறேன், கேட்கமாட்டேன் என்கிறது. டைல்ஸ் தரை காய்ந்துதான் இருந்தது; என் கண்ணுக்கு மட்டும் சிவப்பாக, ஈரமாக, பூசணிச் சதையாகத் தெரிந்தது. பிடிக்க ஒன்றுமில்லாமல் ஹால் நடுவில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு பதினோரு நிமிஷம் நின்றேன். முன்னால் போக பயம், திரும்ப பயம், உட்காரவும் பயம். சரசா கதவைத் திறந்து, கொத்தமல்லிக் கட்டோடு அப்படியே ஓடிவந்து இடுப்பைப் பிடித்தாள். "இன்னாயா பண்ற தனியா?" என்றாள். "நடிச்சிப் பாத்தேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு மாதமாக நொண்டி நொண்டி, எது நடிப்பு எது நிஜம் என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. மற்றவர்களிடம் இதைச் சொன்னால் நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள், நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை. திங்கட்கிழமையும் நாலாவது அடியில் அப்படி நின்றுவிட்டால் நான் வீட்டோடுதான். தினமும் சரசா சுடும் தோசையை கேஜ் வைத்து அளந்து கொண்டிருப்பேன். அவள் ஒரு வாரம் பொறுப்பாள்.

சாயங்காலம் அக்கா போன்.

"தம்பி, நடந்தியாடா?"

"இன்னும் இல்லக்கா."

"ஞாயித்துக்கெயம காப்பு. அதுக்குள்ள நாலு பேர் பாக்க நட. நீ நடந்தாதான் ஆத்தாளுக்கு நான் குடுத்த வாக்கு நிக்கும்."

"அக்கா, அதுக்கு பதிலா பால்குடம் எடுத்தா ஆத்தா வேணாம்னா சொல்லப்போறா? கூழு ஊத்தலாம். நான் மொட்டகூட..."

"உன் தலையில இன்னாடா கீது, ஆத்தாளுக்குக் குடுக்க? வாக்கு மாத்தினா மறுபடி காலு போவும், சொல்ட்டேன். வாய மூடிகினு நட."

ஆகவே மாமா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். என் காலைப் பிடிக்க ஆளில்லாததால் உங்கள் காலைப் பிடிக்கிறேன். அக்கா உலகத்தில் ஒருவர் பேச்சைக் கேட்பாளென்றால் அது நீங்கள்தான். கேட்டபிறகு செய்யமாட்டாள், அது வேறு. சனிக்கிழமைக்குள் அவளிடம் நல்லபடியாகப் பேசி, தீமிதியைப் பால்குடமாக மாற்றிக் கொடுங்கள். அந்தக் குண்டம் ஒன்று மட்டும் மனசிலிருந்து இறங்கிவிட்டால் நாலாவது அடியை எப்படியாவது எடுத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி? இதுவே உங்கள் காலாக இருந்தால் நான் சும்மா இருப்பேனா?

மற்றபடி கடை நன்றாக ஓடவும், அக்காவின் கோபம் என்னை விட்டு வேறு யார் மேலாவது திரும்பவும், உங்கள் குடும்பம் தழைக்கவும் வாழ்த்தும் வயது எனக்கில்லை என்றாலும் வாழ்த்தும் மனம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு என் ஆசி. அக்காவுக்கு என் அன்பைச் சொல்ல வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று கேட்பாள்.

இப்படிக்கு,
நிற்க முடியாமல் முடித்துக்கொள்ளும்,
ஏகாம்பரம்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வேம்புலி நோட்டோடு வந்தார். "உங்கூட்டு வேண்டுதல் ஆளு ஞாயித்துக்கெயம காலைல ஆறு மணிக்குக் கோயிலாண்ட இருக்கணும், ஏகாம்பரம்" என்றார். "இந்தக் கால வெச்சிகினு நான் எப்படிண்ணே?" என்று முனகினேன். "நீ இன்னாத்துக்கு?" என்று நோட்டைத் திருப்பினார். பன்னிரண்டாவது பெயர், போன அக்டோபர் தேதி, அக்காவின் கோணல் எழுத்து: தங்கராஜ், வானகரம், தம்பிக்காக. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒடிஞ்ச கால எவளாச்சும் நெருப்புல வெப்பாளாடா? உங்க மாமா காலு ரெண்டும் சும்மாதான கீது. இப்பவே அவராண்ட சொல்லாத, திருப்பதிக்குன்னு கெளம்பிடுவார்" என்றாள். ஒன்பது மாதத்தில் யார் மிதிப்பது என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவேயில்லை பாருங்கள். நான் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை, எழுதத்தான் எழுதியிருக்கிறேன். மேலே கேட்ட உதவி இனி வேண்டாம். செருப்பில்லாமல் நன்றாகப் பழகியிருப்பீர்கள்; பூ மேல் நடக்கிற மாதிரிதான் இருக்குமாம். இன்னொன்று. பெயர் உங்களுடையதுதானா, வேறு தங்கராஜா என்று வெளிச்சத்தில் பார்க்க நோட்டோடு வாசல் கேட் வரைக்கும் போயிருக்கிறேன். சரசா கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன், வாக்கர் ஹாலில் ஃபேனுக்குக் கீழே தனியாக நிற்கிறது. பதினேழு அடி. வேம்புலியும் எண்ணினார். நோட்டை வாங்கி, உங்கள் பெயருக்கு நேராக டிக் போட்டுக்கொண்டு போய்விட்டார்.