ஒரே பானையில் சாபாவும் ஜூலாவும்

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத சம்பந்தியம்மாள் இல்கா அவர்களுக்கு, சாபாவிலிருந்து அம்ப்ருஷ் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், கையில் மாவுக்கட்டோடு என் மனைவி மார்கிட்டும், தோட்டத்தில் காய்த்துத் தொங்கும் குடைமிளகாய்களும் நலம். தாங்களும் தங்கள் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? தங்கள் கணவர் தேனெஷ் அவர்களின் நலத்தையும் விசாரித்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வாசற்கதவைச் சாத்திய சாத்தலில் கீல் கழன்று விழுந்ததைப் பார்த்தால், உடம்பு நன்றாகவே இருக்கிறது என்று தெரிகிறது.

எங்கள் மகள் லில்லாவுக்கும் தங்கள் மகன் கெண்டேவுக்கும் கல்யாணத் தேதி குறிக்கத்தான் அன்று தாங்கள் இருவரும் சாப்பிட வந்தீர்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் தேதியும் போயிற்று, கதவும் போயிற்று. அன்றிலிருந்து தங்கள் ஊர் ஜூலாவிலிருந்து ஒரு போன் கிடையாது. என்ன நடந்தது என்பது தங்களுக்கு முழுவதும் தெரிந்திருக்க நியாயமில்லை. தாங்கள் பெரும்பாலான நேரம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தீர்கள். அதைப் பார்த்து எனக்கு அப்படியே மனசு உடைந்துவிட்டது. ஆகவே எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள்தான் தேனெஷ் அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதல் குற்றவாளி பிளம் மரம். அதில் ஏறித்தான் மார்கிட் கையை உடைத்துக்கொண்டாள். அதனால் சமையல் என் தலையில் விழுந்தது. முப்பது வருஷம் ரயில்வே கேட்டைத் திறந்து மூடியவன் நான். அடுப்போடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. மார்கிட் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "லெச்சோதானே அம்ப்ருஷ், அதுக்கு ஏன் முழிக்கிறே? வெங்காயம், குடைமிளகாய், தக்காளி, சாசேஜ். மத்தபடி தோட்டத்துல என்ன கெடக்குதோ அள்ளிப் போடு. எதைப் போட்டாலும் ஏத்துக்கும்" என்றாள். இந்தக் கடைசி வாக்கியம்தான், சம்பந்தியம்மா, எங்கள் குடும்பத்தைக் கெடுத்தது. நான் அள்ளிப் போட்டேன். தொடை பருமனுக்கு வளர்ந்திருந்த சீமைச் சுரைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு சோளக்கதிர். உருளைக்கிழங்கையும் எடுத்தேன். "அதை மட்டும் போட்டே, நான் எந்திரிச்சு வந்துருவேன்" என்றாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

காலையிலேயே கெண்டேவோடு கேக் வாங்கப் போன லில்லா அங்கிருந்து போன் மேல் போன் போட்டாள். கொழுப்பில் வெங்காயம் வதங்கியதும் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் சிவப்பு மிளகாய்ப்பொடி போட வேண்டும் என்பது நம் நாட்டில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பொடியைப் போடும் கைக்கும் பானையை இறக்கும் கைக்கும் நடுவில் போன் அடித்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? பொடி கருகிக் கசந்துபோயிற்று. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன்; அவை என்னைத்தான் பார்த்தன. மறுபடி முதலிலிருந்து வெங்காயம். போனில் லில்லா, "அப்பா, இல்கா அம்மாவுக்கு லெச்சோவுல முட்டை ஒடைச்சு ஊத்தினாதான் பிடிக்குமாம்" என்றாள். சரி என்று முட்டையை எடுத்து வைத்தால் மறுபடி போன். "அப்பா, ஊத்திடலையே? தேனெஷ் மாமாவுக்கு முட்டைன்னா ஆகாதாம். அரிசிதான் போடணுமாம்." இத்தனை வருஷம் தாங்கள் இருவரும் எப்படித்தான் ஒரே மேஜையில் சாப்பிட்டீர்களோ! பானையில் வலது பக்கம் அரிசியும் இடது பக்கம் முட்டையும் இருக்கட்டும் என்று நடுவில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொதிக்கிற குழம்புக்கு வலது இடது தெரியவில்லை. பானையும் நிரம்பி வழிந்தது. பெரிய பானைக்கு மாற்றினேன். அதிலும் அரிசி பொங்கி மூடியைத் தூக்கிற்று. கடைசியில் முற்றத்தில் விறகு மூட்டிக் கொப்பரையை ஏற்றினேன்.

இனி சாசேஜுக்கு வருகிறேன். மூன்றாவது போனில் லில்லாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. "அப்பா, கோவப்படக் கூடாது. நம்ம சாசேஜைப் போடாதீங்க. ஜூலா சாசேஜ் வாங்கிப் போடுங்க. தேனெஷ் மாமா அங்க சாசேஜ் போட்டிக்கெல்லாம் ஜட்ஜா உக்கார்றவரு. இந்த ஒரு நாளைக்கு மட்டும் அப்பா, எனக்காக." சம்பந்தியம்மா, தங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போடும் தூரம்தான். ஆனால் ஜூலா சாசேஜ் என்று சொன்ன வாய் சாபாவில் பல் விளக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். போன குளிர்காலம் பன்றியறுத்த அன்று விரல் விறைக்க விறைக்க நான் பிசைந்து, புகை போட்டுத் தொங்கவிட்ட சாசேஜ் சரக்கறையில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் ஒரே மகள். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், என்னை யாருக்கும் தெரியாத ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரி ஊருக்கே கேட்கும்படி, "ஜூலாதானா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க" என்றேன். "ஐயோ பாவம்" என்று இரண்டு காகிதம் சுற்றிக் கொடுத்தாள்.

அதை மெல்லிய வட்டங்களாக வெட்டிக் கொப்பரையில் போட்டுவிட்டுச் சட்டை மாற்ற உள்ளே போனேன். மார்கிட்டிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வெட்கம். அவள் முற்றத்துக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். 'விருந்தாளிக்கு இப்படியா காகிதம் மாதிரி வெட்டிப் போடுவான் கஞ்சன்' என்று நினைத்து, சரக்கறைக்குப் போய் எங்கள் சாபா சாசேஜை இறக்கி, ஒற்றைக் கையால் தடித்தடியாக வெட்டி அதே கொப்பரையில் தள்ளிவிட்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் தங்கள் எதிரிலும், கேக்கோடு திரும்பிய நம் பிள்ளைகள் எதிரிலும்தான் நடந்தது. தேனெஷ் அவர்கள் முதல் வாய் வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி! இது எங்க ஊரு சாசேஜ்! எங்களுக்காகவா? நீங்க பெரிய மனுஷன்யா!" எனக்குப் பெருமை ஒரு பக்கம், உயிர் போவது ஒரு பக்கம். அதோடு நின்றிருந்தால் இன்று தேதி கையில் இருந்திருக்கும். மார்கிட், பாவம், வெகுளியாக, "உங்க ஊரா? இவரே கையால பிசைஞ்ச எங்க வீட்டுச் சரக்குங்க அது" என்றாள். அவருடைய கரண்டி அந்தரத்தில் நின்றது. அவளும் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னேன். "ரெண்டுமே கெடக்குது சம்பந்தி."

"ரெண்டுமா? ஒரே கொப்பரையிலயா?"

"ஆமாம். அதனால என்ன? வாயில வெச்சா எது எதுன்னு தெரியாமலா போயிடும்?"

இதைச் சொன்னது நான் அல்ல, சம்பந்தியம்மா; அவர் கொண்டுவந்த பிளம் சாராயத்தின் மூன்றாவது கோப்பை. உடனே மேஜைத் துண்டுகளை எடுத்து இரண்டு அப்பன்மாரும் கண்ணைக் கட்டிக்கொண்டோம். மார்கிட் இரண்டையும் ஒரே அளவுத் துணுக்குகளாக்கி முள்கரண்டியால் ஊட்டினாள். தேனெஷ் அவர்கள் மென்றார். ஜட்ஜ் அல்லவா, நிதானமாக மென்றார். "மொதல்ல குடுத்ததுதான் ஜூலா. என்ன ஒரு கண்ணியம் பாருங்க! ரெண்டாவது சாபா. பன்னி மேல உள்ள கோவத்துல பண்ணின மாதிரி இருக்கு." நானும் விடவில்லை. "நீங்க கண்ணியம்னு சொன்னது வெறும் உப்பு. எனக்கு ரெண்டாவதா மார்கிட் ஊட்டினாளே, அதான் சாபா. பூண்டு எந்திரிச்சு நின்னு பேசுது!"

கண்ணை அவிழ்த்தோம். மார்கிட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மெல்லிசு இவரு வெட்டினது, ஜூலா. தடிசு நான் வெட்டினது, சாபா. தேனெஷ், நீங்க கண்ணியம்னு சொன்னது எங்க வீட்டுச் சாசேஜ். பன்னி மேல கோவம்னு சொன்னது உங்க ஊரு. அம்ப்ருஷ், உனக்கு எந்திரிச்சு நின்னு பேசினது ஜூலாப் பூண்டு." தேனெஷ் அவர்கள் எழுந்தார். சம்பந்தி என்பது போய், "ஓய் அம்ப்ருஷ், ஒரு ஜட்ஜைக் கூப்பிட்டு வெச்சு அசிங்கப்படுத்திட்டே ஓய்!" என்றார். அப்புறம்தான் கதவு.

என் பக்கத்தில் மட்டும் அசிங்கம் இல்லையா? நேற்று முடிவெட்டப் போனால் முடி திருத்துபவர், "ஜூலாப் பூண்டு எப்படி?" என்று கேட்கிறார். எப்படித்தான் தெரிந்ததோ! ஆனால் என் மானத்தை விடுங்கள். லில்லா என்னோடு பேசுவதில்லை. அறைக் கதவை மூடிக்கொண்டு போனில் குசுகுசுவென்று ஏதோ சொல்கிறாள். நடுநடுவே விம்மல் மாதிரி ஒரு சத்தம். வெளியே நின்று கேட்கும்போது எனக்குத் தாங்கவில்லை. அவள் ஆசைப்பட்ட பையன். நல்ல பையன். இரண்டு கிழவர்களின் நாக்குக்காக அது நின்றுபோகக் கூடாது.

ஆகவே நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தேனெஷ் அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள். அன்று நடந்தது பரீட்சையே அல்ல. இரண்டு சாசேஜும் ஒரே கொப்பரையில் முட்டை, அரிசி, சுரைக்காயோடு மணிக்கணக்காக வெந்தன. சாபாவின் கொழுப்பை ஜூலா குடித்தது, ஜூலாவின் கொழுப்பைச் சாபா குடித்தது. அப்படி வெந்ததில் எது எதுவென்று எந்த நாட்டு ஜட்ஜாலும் சொல்ல முடியாது. ஆக அவர் தோற்கவில்லை. அவர் தோற்காவிட்டால் நானும் தோற்கவில்லை. இதற்கும் அவர் இறங்கி வராவிட்டால், தங்கள் ஊர்ச் சந்தையில் எல்லோரும் பார்க்க நின்று ஜூலா சாசேஜ் ஒரு முழம் தின்னத் தயார். என் கையால் இதை எழுதினேன் என்று மார்கிட்டிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தேதி மட்டும் குறித்துக் கொடுங்கள். தங்களைத் தவிர எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தங்கள் வீட்டுப் புகையறை என்றும் புகையட்டும். தங்கள் மூட்டுகள் மழை வந்தாலும் வாய் திறக்காமல் இருக்கட்டும். கோபம் தணிந்த பிறகு தேனெஷ் அவர்களுக்கும் என் வணக்கம்.

என்றும் தங்கள் கருணையை நம்பியிருக்கும்,
அம்ப்ருஷ்

பி.கு.: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லில்லாவும் கெண்டேவும் வந்து நின்றார்கள். பதிவு அலுவலகத்தில் தேதி குறித்துப் பல நாள் ஆயிற்றாம்! "ரெண்டு அப்பாவையும் கேட்டுத் தேதி வெச்சா, பேரன் பொறந்தப்புறம்தான் கல்யாணம் நடக்கும்" என்கிறாள் என் பெண். மார்கிட்டும் கூடப் போனாளாம். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததே தாங்கள்தானாம்! இவ்வளவு பக்கம் நான் கெஞ்சியது யாரிடம்? போகட்டும். சந்தோஷம், நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கல்யாண விருந்துக்கும் கொப்பரையில் லெச்சோதானாம். சண்டை வரக்கூடாது என்று என்ன சாசேஜ் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? நம் இரண்டு ஊரும் இல்லாத மூன்றாவது ஊர்ச் சரக்கு, டெப்ரெட்சென் சாசேஜ்! டெப்ரெட்சென், சம்பந்தியம்மா! என் மகளுக்கும் ஜூலாக்காரர் மகனுக்கும் நடக்கும் கல்யாணத்தில்! இன்னும் தெரியாதது தேனெஷ் ஒருவருக்குத்தான். தாங்கள் சொல்லிவிட வேண்டாம்; அந்த மனுஷன் உடைந்துபோவார். வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே நானே வந்து சொல்கிறேன். கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கல்யாணத்தன்றைக்கு அவர் சாசேஜை அவர் எடுத்து வைக்கட்டும், என்னுடையதை நான் கோட்டுக்குள் கொண்டுவருகிறேன். கல்யாணச் சமையல்காரர் எப்போதாவது கொப்பரையை விட்டு நகர்ந்துதானே ஆகவேண்டும்.