தாய்மாமனுக்குக் காத்திராத வெந்நீர் டாக்டர்

வெந்நீர் டாக்டரைப் போல மரியாதை தெரியாத ஒரு மனுஷி தஞ்சாவூர்ச் சீமையில் இதுவரை பிறந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி பறப்பதால் குழந்தைகள் வார்டில் அவருக்கு அந்தப் பெயர். கேன்டீனில் டீ ஆறும்வரைகூடப் பொறுக்க மாட்டார். பக்கத்து மேஜைக்காரர் ஆற்றி வைத்ததை எடுத்துக் குடித்துவிட்டு, தன்னுடையதை அங்கே வைத்துவிட்டுப் போவார்.

இந்த அம்மாளிடம்தான் என் மகள் போய் மாட்டினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. திடீரென்று தூங்காமல் கத்தினாள், வாயைக் கோணினாள், வலிப்பு வந்தது, கடைசியில் பேச்சே நின்றுவிட்டது. முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள்.

"கிருமி எதுவும் தெரியல. இவ உடம்போட எதிர்ப்பு சக்தியே இவ மூளையைத் தாக்குதுன்னு நினைக்கிறேன். அதை உறுதிப்படுத்துற டெஸ்ட் ரிசல்ட் வெளியூர்லேர்ந்து வரணும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. இன்னிக்கே மருந்து ஏத்தணும்" என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் பிள்ளையின் தாய்மாமனை, அதாவது என் மச்சானை, கேட்காமல் ஒரு துரும்பு அசையாது. அவரோ பேராவூரணியில் தேங்காய் வெட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றிருந்தார்.

"மாமன் வந்துரட்டுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்குறோம்" என்றார் என் அப்பா.

"எதுக்கு? மடியில வச்சுக் காது குத்தவா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த திமிர் என்று வாய்விட்டே சொன்னேன். டாக்டர் என்னைச் சட்டையே செய்யாமல் என் மனைவியிடம் திரும்பினார்.

"பெத்தவ நீதானேம்மா? சீக்கிரம் ஆரம்பிச்சா தேறி வர வாய்ப்பு அதிகம். தள்ளிப் போட்டா குறைஞ்சிடும். நீ என்ன சொல்றே?"

"ஏத்துங்க டாக்டர்" என்றாள். தன் அண்ணனுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

மச்சான் சாயங்காலம் இளநீர்க் குலையோடு வந்து இறங்கி, "என்னைக் கேக்காம எப்படி?" என்று குதித்தார். "குதிக்காதீங்க. அந்தக் கையைப் புடிச்சுக்குங்க, டியூபைப் பிடுங்கிடப் போறா" என்றார் டாக்டர். மீசைக்கார மச்சான் பிடித்த கையை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான் என்று ரிசல்ட் வந்தபோது, மருந்து ஏறி நாளாகியிருந்தது. பிள்ளைக்குப் பார்வையில் தெளிவு வந்திருந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

ஒருநாள் காலையில் டாக்டர் அவளிடம் பெயரைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன்.

"நீங்க சும்மா இருங்க. அவளே சொல்லட்டும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து கூப்பிட்டுப் பார்த்தார், போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அந்த மனுஷி அசையவில்லை.

இன்றைக்கும் அந்த அம்மாளை நான் திட்டாத நாளில்லை. ஆனால் வேறு யாராவது என் காதுபட ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும்.