கிரேடுக்காரரின் நாலாவது பெட்டி

அன்று காலை பட்டறையின் மானத்துக்கு விலை நான்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டுகள். அதில் ஒன்று ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்தது.

"மாமா, வெட்டுற இன்சர்ட்டோட முனை கருகிடுச்சு," என்றான் லேத்தில் நின்ற மைத்துனன்.

பட்டறைக்காரர் அசரவில்லை. எந்த உலோகத்தைக் கடைய எந்த ரகக் கார்பைடு இன்சர்ட், அதாவது எந்தக் கிரேடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்; நிறத்துக்கு ஒரு கிரேடாக நான்கு பெட்டிகள் வைத்திருந்தார். அதனால் அவருக்குக் கிரேடுக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் அவரேதான்.

பம்பு கம்பெனிக்காரர் மடியில் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரோடு உட்கார்ந்திருந்தார். நான்கில் ஒரு தண்டாவது வழவழவென்று அளவு பிசகாமல் வந்தால் வருஷம் முழுக்க வேலை. வராவிட்டால் அந்த வேலை தெருமுனைப் பட்டறைக்கு.

"சிவப்புப் பெட்டி கடினமான கிரேடு சார். அதான் வேகமா ஓட்டச் சொன்னேன். கடினமான கிரேடு மாமனார் மாதிரி. சூடு ஏறிட்டா அவ்வளவுதான்," என்றார் கிரேடுக்காரர். "மாப்ள, நீலப் பெட்டியை எடு. அது உரமான கிரேடு. மருமகன் மாதிரி, எவ்வளவு இடி வாங்கினாலும் உடையாது."

"மாமா, ரெண்டு பெட்டி இன்சர்ட்டும் ஒரே மஞ்சளா இருக்கே?"

"உன் கண்ணுக்கு மஞ்சள். என் கண்ணுக்கு இது வேற, அது வேற. மெதுவா ஓட்டு."

மெதுவாக ஓட்டினான். உலோகம் முனையிலேயே ஒட்டிக்கொண்டது. தண்டு சொரசொரவென்று வெளியே வந்தது.

கம்பெனிக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். "சார், நான் கேட்டது தண்டு. நீங்க அரம் பண்ணிக் குடுத்திருக்கீங்க."

"மருமகன்னா கொஞ்சம் மந்தமாத்தான் இருப்பான் சார்," என்றார் கிரேடுக்காரர்.

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். "மாமா, நீங்களும் எங்க வீட்டு மருமகன்தான்."

"வேலையைப் பாரு. பச்சைப் பெட்டி. அது ரெண்டுக்கும் நடுவுல. நல்லா அழுத்தி ஓட்டலாம், ஃபீடை ஏத்து, முனை வேகமா நகரட்டும். போன நேரத்தைப் பிடிச்சிடலாம்."

ஃபீடை ஏற்றினான். பட்டென்று ஒரு சத்தம். முனை உடைந்து கம்பெனிக்காரரின் காலடியில் விழுந்தது. அவர் காலை மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

மிச்சம் ஒரே ஒரு தண்டு.

"தெருமுனைப் பட்டறை எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?" என்று கேட்டார் கம்பெனிக்காரர், காலை இறக்காமலே.

கிரேடுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சார், இதுவரைக்கும் உங்களுக்கு எது ஆகாதுன்னு காட்டினேன். இப்ப எது ஆகும்னு காட்டுறேன். மாப்ள, கறுப்புப் பெட்டி."

"அதைத் தொடவே விட மாட்டீங்களே மாமா?"

"இருக்கிறதுலயே ஒசத்தி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினாலும் வரும்."

மைத்துனனுக்குக் கண்ணை மூடத் தைரியமில்லை. இதுவும் போனால் வீட்டில் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. வேகத்தை நடுவில் வைத்தான், ஃபீடைக் குறைத்தான், தண்ணீர்க் குழாயை முனைக்கு நேரே திருப்பினான். உலோகச் சுருள் அழகாகச் சுருண்டு உதிர்ந்தது. தண்டில் முகம் பார்த்துத் தலைவாரலாம் போலிருந்தது.

கம்பெனிக்காரர் மூன்று இடத்தில் அளந்தார். பிறகு எழுந்து கை கொடுத்தார். "உங்க கிட்ட ஞானம் இருக்கு சார்."

"கிரேடுதான் சார் எல்லாம். ஓட்டுறவன் சும்மா துணைக்கு நிக்கிறவன்."

"அப்போ ஆர்டர்லயே எழுதிடுறேன். ஒவ்வொரு தண்டும் இந்தக் கறுப்புப் பெட்டி கிரேடுலதான் கடையணும். வேற எதுவும் ஆகாது."

"நானே எழுதச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் கிரேடுக்காரர்.

கார் தெருவைத் தாண்டியதும் அவர் சரக்கு அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தாம்மா, கறுப்புப் பெட்டி கிரேடு இன்னும் எத்தனை இருக்குன்னு பாரு. இனிமே நமக்குச் சோறு போடுறது அதுதான்."

சரக்கு அறையைப் பார்த்துக்கொள்ளும் மனைவி கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"அந்தக் கிரேடு மட்டுமில்ல, நாலுமே தீர்ந்து மூணு மாசம் ஆச்சுங்க, காலிப் பெட்டியைப் பார்த்தா கத்துவீங்களேன்னு, புதுசா வந்த ஒரே ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு நாலு பெட்டியிலயும் நான்தான் போட்டு வெச்சேன், பத்துல நாலு போச்சு, ஆறு மிச்சம், எந்தப் பெட்டியில வெக்கட்டும்?"