நாலு சைபர் போட்ட பூட்டண்ணை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே தன் பல் துலக்கும் பிரஷைப் பெட்டியில் வைத்துப் பூட்டுப் போட்ட ஒரே மனிதர் எங்கள் பூட்டண்ணைதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஆறு பேர் வாடகைக்கு இருந்தோம். அவர் வட்டுக்கோட்டைக்காரர், கணினி திருத்தும் கடையில் வேலை. சைக்கிளுக்கு இரண்டு பூட்டு. ஒருநாள் சந்தையில் இரண்டு பூட்டின் திறப்புகளையும் தொலைத்துவிட்டு, பூட்டிய சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

"என்னண்ணை, சைக்கிள் பழுதோ?"

"சீச்சீ. பத்திரமா இருக்கு."

இப்படிப்பட்டவரிடம் எங்கள் கடவுச்சொற்கள் மாட்டின. ஆறு பேருக்கும் ஒரே சூத்திரம்: அவரவர் ஊர்ப்பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "உதெல்லாம் ஒரு பூட்டே ஐசே?"

எந்தக் கம்பனியையும் நம்பமாட்டார். ஆகவே ஒரு பழைய லாப்டொப்பை அலுமாரிக்கு மேல் ஏற்றி, எல்லாருடைய கடவுச்சொற்களையும் பூட்டிவைக்கத் தானே ஒரு பெட்டகம் அமைத்தார். எங்களுக்கு நாற்பது எழுத்தில் புதுக் கடவுச்சொற்கள். "பெட்டகத்தை ஒரு கொண்டெய்னருக்குள்ளை போட்டிருக்கிறன்" என்று அவர் பெருமையாகச் சொன்னது வீட்டுக்கார அக்காவின் காதில் விழுந்து தொலைத்தது.

"கொண்டெய்னரோ? தம்பி, என்ரை வளவுக்குள்ளை உதுகள் வைக்கேலாது. படலையாலை லொறியும் வராது, சொல்லிப்போட்டன்!"

அது இரும்புப் பெட்டியல்ல, லாப்டொப்புக்குள்ளேயே தடுத்த ஒரு தனி அறை மாதிரி என்று விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போனது. அக்கா அலுமாரிக்கு மேல் எட்டிப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

அந்த வருடம் எனக்கு வெளிநாட்டில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. வீட்டில் சம்மதம் வாங்கவே கடைசி நாள் வந்துவிட்டது. வெள்ளி நண்பகல் பன்னிரண்டுக்குள் இணையத்தில் ஒப்புதல் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அதற்கான கடவுச்சொல் பெட்டகத்தில். காலை பத்து மணிக்கு என் போனில் திறக்கிறேன், பெட்டகம் வரவில்லை! மின்னஞ்சல் வழியாகப் புதிது எடுக்கலாம் என்றால், மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் அதற்குள்தான்.

"அண்ணை, திறக்குதில்லை!"

"வயர் கிடக்கோ?"

"கிடக்கு."

லாப்டொப்பை இறக்கினார். "கொண்டெய்னர் நல்லாத்தான் ஓடுது" என்றார். அந்த லாப்டொப்பிலேயே திறந்து பார்த்தார், அதிலும் வரவில்லை. மணி பதினொன்று. வாசலில் அக்கா, "நான் அப்பவே சொன்னனான், லொறி வராதெண்டு" என்றார்.

பதினொன்றரைக்கு அண்ணையின் முகம் வெளுத்தது. இன்னும் பத்திரமாக இருக்கட்டுமே என்று முதல்நாள் பின்னேரம் அவரே பெட்டகத்தின் அமைப்பில் ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தார்: 127.0.0.1. 'தன்னோடு மட்டும் கதை' என்று பொருள். லாப்டொப்போடு மட்டும் கதைக்கும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் கொண்டெய்னருக்குள் இருப்பதற்குத் 'தான்' என்றால் கொண்டெய்னர்தான். லாப்டொப்பே அதற்கு வெளியாள்.

"உள்ளுக்கை இருந்து தனக்குத்தானே கதைச்சுக்கொண்டிருக்கு ஐசே. வெளியிலை தட்டுறது கேக்காது."

"அப்ப மாத்துங்கோவன்!"

"அந்த இலக்கத்துக்குப் பதிலா நாலு சைபர் போடவேணும். போட்டா ஆர் தட்டினாலும் கேக்கும்." விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. "அப்பிடித் திறந்து விடுறதெண்டா..."

பிரஷுக்குப் பூட்டுப் போட்ட மனிதரல்லவா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணை, என்ரை படிப்பு அண்ணை!"

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு சைபரையும் பல்லுப் பிடுங்குகிற மாதிரி முகத்தைச் சுளித்து அடித்தார். பெட்டகம் திறந்தது. பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கையில் ஒப்புதல் கொடுத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். "விடும், விடும்" என்று கழன்றுகொண்டவர், நேரே போய் முன்கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார்.

இப்போது நான் குளிர்தேசத்தில். அந்த லாப்டொப் இன்னும் ஓடுகிறது. வெளியிலிருந்து வர எனக்கென்று ஒரு தனி வழியும் வைத்துத் தந்திருக்கிறார். ஞாயிறுதோறும் "திறக்குதோ?" என்று செய்தி வரும். "ஓம்" என்று எழுதினால் அத்தோடு சரி, வேறு கதை கிடையாது. ஆகவே திறந்து கிடக்கும் பெட்டகத்தை முன்னால் வைத்துக்கொண்டே, "இல்லை அண்ணை, திறக்குதில்லை" என்று எழுதுவேன். உடனே அழைப்பு வரும்.

"பொறும் ஐசே, பாப்பம். முதல்லை சொல்லும், சாப்பிட்டனீரோ?"

அந்த அரை மணித்தியாலத்துக்காக நான் எத்தனை பொய்யும் சொல்வேன்.